தாளத்துக்கும் பெயர் வேண்டும்

அமெரிக்காவில் பணியாற்றும் என் பழைய மாணவர் ஒருவர் விடுமுறைக்கு மதுரை வந்திருந்தபோது, தடித்த புத்தகம் ஒன்றைக் கொடுத்துவிட்டுச் சென்றார். 'இந்த இசை உங்களுக்குப் பழக்கமில்லாதது ஐயா. ஆனால், நீங்கள் வகுப்பில் சொன்ன பொருளாதாரம் இதில் இருக்கிறது' என்றார். ராக் இசைப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 2016-இல் வெளியிட்ட 'பார்ன் டு ரன்' என்ற தன்வரலாறு அது.

திருவிழா ஒலிபெருக்கியில் டி.எம். சௌந்தரராஜனின் குரலைக் கேட்டு வளர்ந்தவன் நான். கிதார் அலறும் இசையோடு எனக்கு உறவு கிடையாது. ஆயினும், ஐந்நூறு பக்கங்களைத் தாண்டும் அந்த நூலைப் பத்து நாள்களில் படித்து முடித்தேன். படித்து முடித்ததும் என் நினைவுக்கு வந்தவர் ஸ்பிரிங்ஸ்டீன் அல்லர். மேலூர்ப் பக்கத்துக் கிராமமொன்றைச் சேர்ந்த பம்பைக் கலைஞர் ஒருவர். அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன் நூலைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும்.

நியூ ஜெர்சி மாநிலத்தின் ஃப்ரீஹோல்டு என்ற சிற்றூரில், ஏழ்மையின் விளிம்பில் இருந்த குடும்பத்தில் வளர்ந்தவர் ஸ்பிரிங்ஸ்டீன். குப்பையில் எறியப்பட்ட வானொலிப் பெட்டிகளைப் பொறுக்கிவந்து பழுதுபார்த்து, வயல் வேலைக்கு வரும் புலம்பெயர் தொழிலாளர்களுக்கு விற்றவர் அவருடைய தாத்தா. நிலையான வேலையின்றி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறிக்கொண்டிருந்த தந்தை, மனநோயோடு போராடியவர். வழக்குரைஞர் அலுவலகச் செயலராகப் பணிபுரிந்த தாய்தான் குடும்பத்தைத் தாங்கினார். 1964 கிறிஸ்துமஸுக்கு 60 டாலர் கடன் வாங்கி, மகனுக்கு கிதார் வாங்கிக் கொடுத்தவரும் அவரே. நம் ஊரில் அடகுக் கடைக்குப் போன எத்தனையோ தாய்மார்களின் கதையிலிருந்து இது வேறுபட்டதன்று.

வறுமையிலிருந்து உயர்ந்த கலைஞர்களின் கதைகள் நமக்குப் புதியவையல்ல. இந்நூலில் என்னை நிறுத்தி வைத்தது வேறொன்று. 1972-இல், புகழ் வருவதற்கு முன்பு, தன் மேலாளர் நீட்டிய ஒப்பந்தங்களில் வழக்குரைஞர் எவரையும் கலக்காமல் ஸ்பிரிங்ஸ்டீன் கையெழுத்திட்டார். வாகன நிறுத்துமிடம் ஒன்றில், காரின் முன்மூடியின் மேல் தாள்களை வைத்து இட்ட கையெழுத்து அது. அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு. 1975-இல் 'பார்ன் டு ரன்' இசைத்தொகுப்பு வெளிவந்து, அமெரிக்காவின் இரு பெரும் வார இதழ்கள் ஒரே வாரத்தில் அவரை அட்டைப்படமாக்கின. அதன் பிறகுதான் தன் பாடல்களின் மீது தனக்கு எவ்வளவு குறைந்த அதிகாரம் இருக்கிறது என்பது அவருக்குப் புரிந்தது. வழக்கு நடந்தது. தான் விரும்பிய தயாரிப்பாளருடன் ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் செல்ல நீதிமன்றம் தடை விதித்தது. 1977 மே மாதம் சமரசம் ஏற்பட்டது. அடுத்த இசைத்தொகுப்பு 1978-இல்தான் வந்தது. புகழின் உச்சியில் இருந்த ஒரு கலைஞரின் மூன்றாண்டுகளை அந்தக் கையெழுத்து விழுங்கியது.

அந்தப் பாடத்தை அவர் மறக்கவில்லை. 2021 டிசம்பரில் தன் பாடல்களின் உரிமைகளையும் மூல ஒலிப்பதிவுகளையும் சோனி நிறுவனத்துக்கு விற்றார். தொகை சுமார் 50 கோடி டாலர் எனச் செய்திகள் கூறின. கார் மூடியின் மீது கைநழுவிப் போகவிருந்த சொத்தின் விலை அது.

1977 என்ற ஆண்டு நமக்கும் முக்கியமானது. அவ்வாண்டு மார்ச் மாதம், இந்திய இசை உரிமைக் கழகத்துக்கும் கிழக்கிந்தியத் திரைப்படச் சங்கத்துக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பை வழங்கியது. தயாரிப்பாளர் ஊதியம் கொடுத்து ஒரு பாடலை உருவாக்கச் செய்தால், மாறான ஒப்பந்தம் இல்லாத வரை, அதன் முதல் உரிமையாளர் தயாரிப்பாளரே என்பது அதன் சாரம். தீர்ப்போடு உடன்பட்ட நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், தனிக் குறிப்பு ஒன்றையும் சேர்த்தார். இசையமைப்பவரைக் காக்கும் சட்டம் பாடுபவரைக் காக்காமல் விட்டிருப்பதை நாடாளுமன்றம் கவனிக்க வேண்டும் என்பது அவர் கருத்து. நிகழ்த்துநர் உரிமை என்ற ஒன்று நம் சட்டத்தில் நுழைய 1994 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தத் தீர்ப்பு வந்தபோது, பழைய மதுரை மாவட்டத்தின் பண்ணைப்புரத்திலிருந்து சென்ற இளையராஜா 'அன்னக்கிளி' மூலம் அறிமுகமாகி ஓராண்டுகூட நிறைவடையவில்லை. அவர் அடுத்தடுத்து நூற்றுக்கணக்கான படங்களுக்கு இசையமைத்த காலம் முழுவதும் இந்தச் சட்டநிலையே நீடித்தது. ஒலிநாடாவும், குறுந்தகடும், கைப்பேசியின் அழைப்போசையும், இணையவழி இசையும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தபோது, பழைய ஒப்பந்தங்களில் எழுதப்படாத இந்த வருவாய்கள் யாரைச் சேரும் என்ற கேள்வி எழுந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2019-இல் வந்த தீர்ப்பும், அதன் மேல்முறையீடும், 2024-இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' படத்தில் இடம்பெற்ற 'குணா' பாடல் தொடர்பான வழக்குரைஞர் அறிவிக்கையும் இந்தக் கேள்வியின் கிளைகளே.

இவற்றைப் பேராசை என்று பேசுவோர் உண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. ஒரு பொருள் புதிய சந்தைகளில் மீண்டும் மீண்டும் விற்பனையாகும்போது, அதை உருவாக்கியவருக்கு ஒரு பங்கு வேண்டும் என்பது அடிப்படைப் பொருளாதார நீதி. 2012 ஜூன் 21 முதல் நடைமுறைக்கு வந்த பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் அதைத்தான் சொல்கிறது. திரையரங்கில் படத்தோடு காட்டப்படுவது நீங்கலான பிற பயன்பாடுகளுக்கு இசையமைப்பாளரும் பாடலாசிரியரும் உரிமத்தொகை பெறலாம். அந்த உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டதாக ஒப்பந்தத்தில் இருந்தாலும் அது செல்லாது. வறியவன் பசியில் இடும் கையெழுத்தைச் சட்டமே மறுக்கும் அரிய இடம் இது. கார் மூடியின் மேல் கையெழுத்திட்ட இளைஞருக்கு இப்படி ஒரு சட்டப் பாதுகாப்பு இருந்திருந்தால், அவருடைய நூலில் சில அத்தியாயங்கள் குறைந்திருக்கும்.

2024-இல் மேல்முறையீட்டு விசாரணையின்போது நீதிபதிகள் ஒரு கேள்வியை எழுப்பினர்: பாடல் வரிகள் இல்லாமல் பாடல் ஏது, பாடலாசிரியரும் உரிமை கோரினால் என்ன செய்வது? நியாயமான கேள்வி. ஆனால், அது பாடலாசிரியரோடு நின்றுவிடக் கூடாது. அந்தப் பாடலில் பம்பை அடித்தவர் யார்?

இப்போது மேலூர்க் கலைஞரிடம் வருகிறேன். எங்கள் ஊர்ப் பங்குனித் திருவிழாவுக்குப் பல ஆண்டுகளாக வந்துகொண்டிருந்த நையாண்டி மேளச் செட்டில் பம்பை வாசித்தவர் அவர். இரண்டு நாகசுரம், இரண்டு தவில், பம்பை, தமுக்கு, தாளம் என்று அமைந்த குழு அது. ஒருமுறை மாட்டுத்தாவணியிலிருந்து மேலூருக்குப் பேருந்தில் சென்றுகொண்டிருந்தேன். ஓட்டுநர் பழைய திரைப்பாடல் ஒன்றை ஒலிக்கவிட்டிருந்தார். பின்னிருக்கையிலிருந்து ஒரு கை என் தோளைத் தொட்டது. 'ஐயா, இந்த இடத்துல வருதே பம்பை, இது நான் அடிச்சது' என்றார் அவர்.

முப்பது ஆண்டுகளுக்கு முன் ஓர் இடைத்தரகர் அவரையும் வேறு சிலரையும் சென்னைக்கு அழைத்துச் சென்றிருக்கிறார். இரண்டு நாள் வாசித்தார்கள். நாள்கூலியும் பேருந்துக் கட்டணமும் கிடைத்தன. எந்தத் தாளிலும் அவர்கள் பெயர் எழுதப்படவில்லை. 'பேர் கேட்டாங்களா?' என்று வினவினேன். 'சோறு போட்டாங்கய்யா. பேர் எதுக்குக் கேக்கப் போறாங்க?' என்றார். அவர் குரலில் வருத்தம் தெரியவில்லை. தன் அடியை ஊரே கேட்கிறது என்ற மகிழ்ச்சிதான் இருந்தது. எனக்குத்தான் அன்று வருத்தமாக இருந்தது.

ஸ்பிரிங்ஸ்டீனின் நூலைப் படித்த பின், பதிப்புரிமைச் சட்டத்தின் விளக்கப் பிரிவை எடுத்துப் பார்த்தேன். பாடகர், வாத்தியக் கலைஞர், நடிகர், நடனமாடுபவர் என அனைவரையும் 'நிகழ்த்துநர்' என்று சட்டம் ஏற்கிறது. வணிகப் பயன்பாட்டில் அவர்களுக்கு உரிமத்தொகை உண்டு என்றும் சொல்கிறது. ஆனால், 2012 திருத்தம் அந்த வரையறைக்கு ஒரு விதிவிலக்கையும் சேர்த்தது. திரைப்படத்தில் ஒருவருடைய பங்களிப்பு தற்செயலானதாகவோ துணைநிலையிலானதாகவோ இருந்து, தொழில் வழக்கப்படி படத்தின் பெயர்ப்பட்டியலிலோ வேறெங்குமோ அவர் பெயர் குறிக்கப்படாவிட்டால், அவர் நிகழ்த்துநராகக் கருதப்பட மாட்டார். தன் நிகழ்ச்சி தன் நற்பெயருக்கு ஊறு விளைவிக்கும்படி சிதைக்கப்படுவதைத் தடுக்கும் உரிமை மட்டுமே அவருக்கு உண்டு.

படத்தில் ஒரு நொடி தலைகாட்டும் கூட்டத்தினர் அனைவரும் உரிமத்தொகை கேட்டு வந்துவிடக் கூடாது என்ற நடைமுறை எண்ணம் இதன் பின்னால் இருக்கக்கூடும். அது புரிந்துகொள்ளத்தக்கதே. ஆனால், பாடலின் முதுகெலும்பான தாளத்தை வாசித்தவரையும் 'துணைநிலை' என்று ஒதுக்க இதே வாசல் திறந்திருக்கிறது. பெயரைப் போடாதவர் செய்த பிழைக்கு, பெயர் இல்லாதவர் விலை கொடுக்கிறார்.

ஒரு திரைப்பாடலைப் பொருத்தவரை இசையமைப்பாளருக்கு 2012 சட்டம் இருக்கிறது. பாடகர்களுக்கென 2013-இல் தொடங்கப்பட்ட உரிமைச் சங்கம் இருக்கிறது. தயாரிப்பாளருக்கு ஒப்பந்தம் இருக்கிறது. பம்பைக்காரருக்கு இருப்பது நினைவு மட்டுமே. நினைவை எந்த நீதிமன்றத்திலும் தாக்கல் செய்ய முடியாது.

பொருளாதார மாணவர்களுக்கு ஆல்ஃப்ரெட் மார்ஷலின் பழைய கருத்தொன்று தெரிந்திருக்கும். பாடகரின் குரல் எட்டும் தூரத்தில் அமர்ந்திருப்போர் எண்ணிக்கைக்கு ஓர் எல்லை உண்டு. அதனால் அவர் வருமானத்துக்கும் எல்லை உண்டு என்றார் அவர். ஒலிப்பதிவு அந்த எல்லையை உடைத்தது. உடைத்ததன் பயன் சிலரிடமே குவியும் என்பதை ஷெர்வின் ரோசன் 1981-இல் விளக்கினார். ராக் இசையின் பொருளாதாரத்தைப் பற்றியே ஒரு நூல் எழுதிய ஆலன் குரூகர், அமெரிக்க இசை நிகழ்ச்சிகளின் மொத்த வருவாயில் உச்சியிலுள்ள ஒரு சதவீதக் கலைஞர்களின் பங்கு 1982-இல் 26 சதவீதமாக இருந்து, 2017-இல் 60 சதவீதமாக உயர்ந்ததைக் காட்டினார்.

இந்தக் குவிப்பைப் பற்றி ஸ்பிரிங்ஸ்டீனின் நூலும் தன்னையறியாமல் பேசுகிறது. இசைக்குழுவில் ஜனநாயகம் நீண்ட நாள் தாங்காது என்று முடிவுசெய்து, தன் பெயரையும் தன் முடிவையும் முன்னிறுத்தியவர் அவர். தொழிலாளரின் துயரைப் பாடியவர், தன் குழுவுக்கு முதலாளியாகவும் இருந்தார். அதை அவர் மறைக்கவில்லை என்பது நூலின் பெருமை. ஆயினும், விளைவு விளைவுதான். ராக் இசையின் புகழ் மண்டபத்தில் அவர் 1999-இல் தனியாகச் சேர்க்கப்பட்டார். கால் நூற்றாண்டுக்கும் மேலாக அவருடன் வாசித்த இ ஸ்டிரீட் குழு சேர்க்கப்பட்டது 2014-இல். அதற்குள் விசைப்பலகைக் கலைஞர் டேனி ஃபெடரிசியும் சாக்சபோன் கலைஞர் கிளாரன்ஸ் கிளமன்ஸும் இறந்துவிட்டனர். பெயர்கள் பதிவான நாட்டிலேயே அங்கீகாரம் இவ்வளவு தாமதமாக வருகிறது. பெயரே பதிவாகாத நாட்டில் அது எப்போது வரும்?

மதுரை இசைக்கும் நாடகத்துக்கும் பேர்போன ஊர். எம்.எஸ். சுப்புலட்சுமி பிறந்த நகரம் இது. அவர் வாழ்க்கையைப் பிறர்தான் நூலாக எழுதினர். 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் சிவாஜி கணேசன் கையில் நாம் கண்ட நாகசுரத்தை உண்மையில் வாசித்தவர்கள், மதுரைச் சகோதரர்களான எம்.பி.என். சேதுராமனும் எம்.பி.என். பொன்னுசாமியும். 1968-இல் வந்த அந்தப் படத்தை இன்றும் பார்க்கும் இளைஞர்களில் எத்தனை பேருக்கு அவர்கள் பெயர் தெரியும்? தன் கதையைத் தானே எழுதியவரும் இங்கு உண்டு. ஆறு வயதில், 1918-இல், சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகக் குழுவில் மதுரையில் சேர்ந்த ஔவை தி.க. சண்முகம் 1972-இல் வெளியிட்ட 'எனது நாடக வாழ்க்கை', கலைஞர்களின் உழைப்பு எவ்வாறு அமைந்திருந்தது என்பதற்குச் சான்றாவணம். அந்த நூல் இல்லாவிட்டால், பாலர் நாடகக் குழுக்களில் உழைத்த எத்தனையோ சிறுவர்களின் பெயர்கள் மறைந்தே போயிருக்கும். தன்வரலாறு என்பது தற்பெருமையன்று. அது ஒரு பதிவேடு.

எல்லாருக்கும் நூல் எழுதும் வாய்ப்பு அமைவதில்லை. ஆகவேதான், பெயர் எழுதும் பொறுப்பைத் தொழிலும் அரசும் ஏற்க வேண்டும் என்கிறேன்.

இதற்கு இரண்டு மறுப்புகள் வரும் என்பதை அறிவேன். முதலாவது, நாட்டுப்புற மெட்டும் தாளமும் ஊர்ப் பொதுச்சொத்து. அவற்றுக்கு வேலி போட்டால் கலையே மூச்சுத் திணறும் என்பது. உண்மைதான். மெட்டுக்கு வேலி வேண்டும் என்று நான் கோரவில்லை. மெட்டு ஊருக்குச் சொந்தம். ஆனால், குறிப்பிட்ட ஒரு நாளில், குறிப்பிட்ட ஒரு கூடத்தில் வாசிக்கப்பட்ட வாசிப்பு அதை வாசித்தவருடைய உழைப்பு. ஏரி பொதுவாக இருந்தாலும், அதில் மீன் பிடித்தவனின் கூலி பொதுவாகிவிடாது. இரண்டாவது, கோயில் விழாவில் திரைப்பாடல் வாசிக்கும் மேளக்காரரே நாளை உரிமத்தொகை கட்ட வேண்டி வருமே என்ற அச்சம். அது தேவையற்றது. உண்மையான சமயச் சடங்குகளிலும் திருமண ஊர்வலத்திலும் நிகழ்த்தப்படும் இசைக்குச் சட்டம் ஏற்கெனவே விலக்கு அளித்திருக்கிறது.

காலமும் நமக்காகக் காத்திருக்கவில்லை. 2024-இல் வெளியான 'லால் சலாம்' படப் பாடலுக்காக, மறைந்த பாடகர்கள் சாகுல் ஹமீது, பம்பா பாக்யா ஆகியோரின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவின் மூலம் ஏ.ஆர். ரகுமான் மீட்டெடுத்தார். குடும்பத்தினரின் அனுமதி பெற்று, உரிய ஊதியமும் அளித்ததாக அவர் தெரிவித்தார். பாராட்டுக்குரிய முன்னுதாரணம். ஆனால், அவர்களுடைய குரல் யாருடையது என்று உலகுக்குத் தெரிந்திருந்ததால்தான் அனுமதி கேட்க முடிந்தது. நாளை ஓர் இயந்திரம் ஆயிரம் பழைய பாடல்களிலிருந்து பம்பையின் அடியைக் கற்றுக்கொண்டு, புதிய பாடலுக்கு வாசிக்கும். அப்போது யார் வீட்டுக் கதவைத் தட்டி அனுமதி கேட்பது?

செய்யக்கூடியவை பெரும் செலவு பிடிப்பவையல்ல. ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் வாசித்தவர் பெயர், கருவி, நாள், ஊதியம் ஆகிய நான்கும் கொண்ட ஒரு தாள் கட்டாயமாக்கப்பட வேண்டும். தரமான குறைந்த செலவுப் படங்களுக்குத் தமிழக அரசு மானியம் வழங்குகிறது. அந்த விண்ணப்பத்தோடு இத்தாளையும் இணைக்கச் சொன்னால் பாதி வேலை முடிந்துவிடும். 2007-இல் அமைக்கப்பட்ட நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம், எளிய தமிழில் ஒரு பக்க ஒப்பந்தப் படிவத்தை அச்சிட்டு, ஒவ்வொரு செட்டின் தலைவரிடமும் கொடுக்கலாம். பசுமலையிலுள்ள அரசு இசைக் கல்லூரியின் மாணவர்கள், சுற்றுவட்டாரத்து மூத்த கலைஞர்களின் வாழ்க்கையை அவர்கள் வாய்மொழியாகவே பதிவுசெய்யலாம். நாடாளுமன்றம், பெயர்ப்பட்டியலில் இல்லாதவரை விலக்கும் அந்த விதிவிலக்கு வாத்தியக் கலைஞருக்குப் பொருந்தாது என்று ஒரு வரியைச் சேர்க்கலாம்.

நலிந்த கலைஞர்களுக்கு அரசு வழங்கும் மாத உதவித்தொகை வரவேற்கத்தக்கது. ஆனால், உதவித்தொகை அரசின் கருணையால் வருவது. உரிமத்தொகை உழைப்பின் கணக்கால் வருவது. முதலாவது பெறுபவர் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டாவது பெறுபவர் நிமிர்ந்து நிற்கலாம்.

இந்த ஆண்டு பங்குனித் திருவிழாவில் எங்கள் ஊரில் நையாண்டி மேளம் இல்லை. செண்டை மேளத்துக்கு அச்சாரம் கொடுத்திருந்தார்கள். இரவில் ஒலிபெருக்கியில் திரைப்பாடல்கள். அவற்றுக்கிடையே பேருந்தில் கேட்ட அந்தப் பழைய பாடலும் ஒலித்தது. பம்பைக்காரர் கூட்டத்தில் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஊர் வாட்டி அவரை அழைக்கவில்லை. அவர் அடித்த அடியை மட்டும் அழைத்திருந்தது.

மறுநாள் அவரை வீட்டுக்கு வரச்சொல்லி, நினைவிலிருக்கும் ஒலிப்பதிவுகளைக் கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதத் தொடங்கினேன். ஆண்டு சரியாக நினைவில்லை. கூடத்தின் பெயர் தெரியவில்லை. உடன் வாசித்த நால்வரின் பெயர்களை மட்டும் தயங்காமல் சொன்னார். அவர்களில் இருவர் இப்போது இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒருவர் ஐந்து நிமிடம் செலவழித்து எழுதியிருக்க வேண்டிய ஐந்து பெயர்கள் அவை.

(கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர், ஓய்வு)